கேளுங்கள், சொல்கிறோம்: ஒரே வேலைக்கு நாலு ரெப்போ, எதற்கு எந்த உரிமம்?

டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இம்முறை மென்பொருள் உரிமங்களைப் பற்றியவை. ஒன்றோடொன்று தொடர்புள்ள கட்டற்ற மென்பொருள்களை எழுதுகிறவர்கள் எங்கெல்லாம் முட்டிக்கொள்கிறார்கள் என்பது இந்தக் கேள்விகளிலேயே தெரிகிறது.

கும்பகோணம் வாசகர்: நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து வாய்க்கால் மதகில் நீர்மட்டம் பார்க்கும் கருவி செய்கிறோம். ஈஎஸ்பி32 சிப்பில் ஓடும் நிரல் ஒன்று, அது அனுப்பும் தகவலைச் சேர்த்துவைக்கும் சர்வர் ஒன்று, விவசாயி கைபேசியில் பார்க்கும் ஆண்ட்ராய்டு செயலி ஒன்று. முறைப்பாசனக் கணக்கும் தமிழ்த் தேதியும் போடும் சின்ன லைப்ரரி மூன்றுக்கும் பொது. ஆக நாலு ரெப்போ (நிரலை வைத்திருக்கும் சேமிப்பகம்). எல்லாவற்றுக்கும் ஜிபிஎல் போடலாம் என்கிறார் ஒருவர், எம்ஐடி போதும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

நாலுக்கும் ஒரே உரிமம் போட வேண்டிய அவசியமே இல்லை. எம்ஐடி என்பது, அதன் அறிவிப்பை மட்டும் வைத்துக்கொண்டு நிரலை எதற்குள்ளும் எடுத்துக்கொள்ள விடும் உரிமம். ஜிபிஎல் என்பது, சேர்த்து வெளியிடும் முழு நிரலையும் அதே உரிமத்தில், மூலநிரலோடு (மனிதர் எழுதிய வடிவத்தோடு) தரச் சொல்லும் உரிமம். முதலில் ஒரு தாளில் நாலு கட்டம் போட்டு, எந்த நிரல் எதற்குள் போய்ச் சேருகிறது என்று அம்புக்குறி போடுங்கள். உங்கள் லைப்ரரி மற்ற மூன்றுக்குள்ளும் போகிறது. செயலியும் சர்வரும் ஒன்றுக்குள் ஒன்று போவதில்லை, இணையம் வழியாகக் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. சாக்கெட், பைப், கமாண்ட் லைன் வழியாக மட்டும் பேசிக்கொள்ளும் இரண்டு நிரல்கள் பொதுவாகத் தனித்தனி நிரல்கள்தான் என்பதே ஜிபிஎல்லை வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடும். எனவே சர்வரின் உரிமம் செயலியைக் கட்டாது. உரிமங்கள் பொருந்துமா என்ற கேள்வி, இரண்டு நிரல்கள் கலந்து ஒரே நிரலாக வெளியே போகும் இடத்தில்தான் எழும்.

அடுத்துத் திசையைப் பாருங்கள். எம்ஐடி நிரலை ஜிபிஎல் நிரலுக்குள் எடுத்துக்கொள்ளலாம். ஜிபிஎல் நிரலை எம்ஐடி லைப்ரரிக்குள் கொண்டுவந்துவிட்டு, மொத்தமும் எம்ஐடி என்று சொல்ல முடியாது. தலைமடையிலிருந்து கடைமடைக்குப் போகும் தண்ணீர் மாதிரி இது ஒரே போக்கு: எம்ஐடியும் அதே மாதிரித் தளர்வான பிஎஸ்டியும் மேலே, அதற்கு அடுத்து அப்பாச்சி 2.0, பிறகு எல்ஜிபிஎல் 3 (லைப்ரரிகளுக்கான தளர்ந்த ஜிபிஎல்), ஜிபிஎல் 3, கடைசியில் ஏஜிபிஎல் 3 (சர்வர்களையும் கட்டும் ஜிபிஎல்). எல்லோரும் எடுத்துப் பயன்படுத்த வேண்டிய லைப்ரரி மேலேதான் இருக்க வேண்டும். அதற்கு ஜிபிஎல் போட்டால் மற்ற மூன்றும் ஜிபிஎல் வகைக்குள் வந்தே ஆக வேண்டும்.

லைப்ரரிக்கு 'எம்ஐடி அல்லது அப்பாச்சி 2.0' என்று இரட்டை உரிமம் கொடுங்கள். எடுக்கிறவர் இரண்டில் தனக்குத் தோதானதைத் தேர்ந்துகொள்வார். ரஸ்ட் மொழிக்காரர்கள் பல காலமாகக் கடைப்பிடிக்கும் வழி இது. அப்பாச்சியில் பேட்டன்ட் (கண்டுபிடிப்புக் காப்புரிமை) அனுமதி எழுத்தில் இருக்கிறது, எம்ஐடியில் அது இல்லை. ஆனால் அப்பாச்சி நிரல் 'ஜிபிஎல் 2 மட்டும்' உரிமம் உள்ள நிரலுக்குள் போகாது, எம்ஐடி போகும். இரண்டையும் கொடுத்தால் இரண்டு வழியும் திறந்திருக்கும்.

கருவிக்குள் ஓடும் நிரலுக்கு அப்பாச்சி 2.0 போதும். காரணம் உண்டு. ஈஎஸ்பி32 சிப்பைச் செய்யும் நிறுவனம் அதற்கு நிரல் எழுதத் தரும் ஈஎஸ்பி-ஐடிஎஃப் தொகுப்பு அப்பாச்சி 2.0 உரிமத்தில் இருக்கிறது. ஆனால் அதிலுள்ள வைஃபை பகுதி மூலநிரல் இல்லாமல் கம்பைல் செய்த கோப்பாக மட்டுமே வருகிறது. உங்கள் நிரலுக்கு ஜிபிஎல் போட்டு, அந்த மூடிய கோப்போடு சேர்த்துக் கருவியில் ஏற்றிக் கொடுத்தால், 'முழு மூலநிரல் எங்கே?' என்று ஒருவர் கேட்கும்போது பதில் சொல்லச் சிரமப்படுவீர்கள். ஆர்டுயினோ என்ற எளிய நிரலாக்க அமைப்பு வழியாக எழுதுகிறீர்கள் என்றால், ஈஎஸ்பி32-க்கான ஆர்டுயினோ கோர் எல்ஜிபிஎல் 2.1. அதை மாற்றித் திரும்ப இணைத்துக்கொள்ள வாங்கியவருக்கு வழி இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. உங்கள் மூலநிரலையும் கம்பைல் செய்யும் முறையையும் வெளியிட்டுவிட்டால் அது நிறைவேறிவிடும்.

சர்வருக்கு 'ஏஜிபிஎல் 3 அல்லது பிந்தையது'. ஜிபிஎல்லில் மூலநிரல் கொடுக்கும் கடமை, நிரலை இன்னொருவர் கையில் கொடுக்கும்போதுதான் வருகிறது. சர்வர் நிரலை யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை, ஓட்டுகிறார்கள், அவ்வளவுதான். ஏஜிபிஎல்லின் 13-ஆம் பிரிவு இந்த இடைவெளியை அடைக்கிறது: மாற்றிய நிரலை நெட்வொர்க் வழியாகப் பிறர் பயன்படுத்தும்படி ஓட்டினால், அவர்களுக்கு மூலநிரல் கிடைக்க வழி செய்ய வேண்டும். நீங்கள் ஜாங்கோ என்ற பைத்தான் வலைத்தொகுப்பில் எழுதினால் அது பிஎஸ்டி, தடை ஒன்றுமில்லை. தகவல் வாங்க மொஸ்கிட்டோ புரோக்கர் (கருவிகளின் செய்தியை வாங்கிக் கொடுக்கும் நிரல்) வைத்தால் அது தனி நிரலாக ஓடுவது, உங்கள் உரிமத்தைத் தொடாது.

செயலிக்கு 'ஜிபிஎல் 3 அல்லது பிந்தையது'. ஆண்ட்ராய்டு செயலி எழுதப் பயன்படும் ஆண்ட்ராய்டுஎக்ஸ் லைப்ரரிகள் எல்லாம் அப்பாச்சி 2.0 என்பதால் 'ஜிபிஎல் 2 மட்டும்' என்று இங்கே போட்டுவிடாதீர்கள். அறிவிப்பு அனுப்பக் கூகுளின் ஃபயர்பேஸ் சேர்க்கிறீர்களா? அதன் சில பாகங்கள் மூடிய நிரல்கள். கட்டற்ற செயலிகளுக்கான எஃப்-டிராய்ட் தளத்தில் அப்படிப்பட்ட செயலியை ஏற்க மாட்டார்கள். ஃபயர்பேஸ் இல்லாத தனி பில்ட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்த்தே தீர வேண்டுமானால், ஜிபிஎல் 3-இன் 7-ஆம் பிரிவின்படி 'இந்த லைப்ரரியோடு இணைக்கக் கூடுதல் அனுமதி உண்டு' என்று முதல் நாளிலேயே எழுதிவையுங்கள். இருபது பேர் நிரல் கொடுத்த பிறகு எழுத நினைத்தால் இருபது பேரிடமும் சம்மதம் வாங்க வேண்டும்.

இப்படிப்பட்ட அமைப்பில் சிக்கல் எங்கே வரும் என்றும் சொல்லிவிடுகிறோம். செயலியில் ஒரு தோழி தமிழ்த் தேதிக்கு நல்ல ஃபங்ஷன் ஒன்று எழுதுகிறார். ஆறு மாதம் கழித்து 'இது லைப்ரரியில் இருந்தால் கருவிக்கும் உதவுமே' என்று யாரோ அதை வெட்டி லைப்ரரியில் ஒட்டுகிறார். அந்த நொடியிலிருந்து லைப்ரரியில் ஜிபிஎல் நிரல் இருக்கிறது, முகப்பில் எம்ஐடி என்று போட்டிருந்தாலும். அந்தத் தோழியும், அதே ஃபங்ஷனைத் திருத்திய மற்றவர்களும் சம்மதம் எழுதிக் கொடுத்தால்தான் அது எம்ஐடி ஆகும். எனவே பொதுவாகப் பயன்படக்கூடியது என்று சந்தேகம் வந்தாலே முதலில் லைப்ரரியில் எழுதுங்கள், பிறகு செயலியில் இழுத்துக்கொள்ளுங்கள். பங்களிப்போர் குறிப்பில், 'செயலி, சர்வரிலிருந்து லைப்ரரிக்கு மாற்றப்படும் என் நிரலை எம்ஐடி, அப்பாச்சி 2.0 உரிமங்களிலும் தருகிறேன்' என்று ஒரு வரி சேர்த்து, ஒவ்வொருவரும் அதை ஏற்றதற்குப் பதிவு வைத்துக்கொள்ளுங்கள். கமிட்டில் (நிரல் மாற்றத்தைப் பதியும் குறிப்பில்) 'சைன்ட்-ஆஃப்-பை' வரி போடுவது நல்ல பழக்கம்தான், ஆனால் அந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்பதற்கு மட்டுமே அது உறுதி. உரிமத்தை மாற்றும் அதிகாரத்தை அது யாருக்கும் தராது.

ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எஸ்பிடிஎக்ஸ் அடையாள வரி (உரிமத்தின் பெயரை நிலையான குறியில் சொல்லும் வரி) போட மறக்காதீர்கள். ரெப்போவில் உரிமக் கோப்பு இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். கோப்புகள் ரெப்போவை விட்டு ஊர் ஊராகப் போகும், உரிமக் கோப்பு கூடவே போகாது.

மன்னார்குடி வாசகர்: பழைய பத்திரிகைப் பக்கங்களை எழுத்தாக மாற்ற, டெசராக்ட் லைப்ரரியை எங்களிடமிருந்த பக்கம் சீராக்கும் நிரலோடு இணைத்தோம். நிரல் ஜிபிஎல் 2, டெசராக்ட் அப்பாச்சி 2.0. சேர்த்து வெளியிடக் கூடாது என்று ஒருவர் புகார் எழுதியிருக்கிறார். இரண்டுமே திறந்த மூல உரிமங்கள்தானே?

இரண்டும் திறந்த மூலம்தான், ஆனாலும் அவர் சொல்வது சரியாக இருக்கலாம். உரிமக் கோப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதில் ஜிபிஎல் 2-இன் முழு வாசகம் இருக்கும், அவ்வளவுதான். மூலநிரல் கோப்புகளின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'இரண்டாம் பதிப்பு, அல்லது உங்கள் விருப்பப்படி பிந்தைய எந்தப் பதிப்பும்' என்ற பொருளில் இருந்தால் கவலை விட்டது. நீங்கள் மூன்றாம் பதிப்பைத் தேர்ந்துகொண்டு, டெசராக்ட்டோடு சேர்ந்த தொகுப்பை ஜிபிஎல் 3-இல் வெளியிடலாம். பதிப்பு எண்ணே எங்கும் குறிப்பிடாமல் வெறுமனே ஜிபிஎல் என்றிருந்தாலும், வெளிவந்த எந்தப் பதிப்பையும் எடுத்துக்கொள்ள ஜிபிஎல் 2-இன் 9-ஆம் பிரிவே இடம் கொடுக்கிறது.

'இரண்டாம் பதிப்பு மட்டும்' என்றிருந்தால்தான் முட்டுகிறது. லினக்ஸ் கெர்னல் இந்த வகை. ஜிபிஎல் 2-இன் 6-ஆம் பிரிவு, இதில் சொன்னதற்கு மேல் எந்தக் கட்டுப்பாட்டையும் சேர்க்கக் கூடாது என்கிறது. அப்பாச்சி 2.0-வின் 3-ஆம் பிரிவோ, அந்த மென்பொருள் பேட்டன்ட்டை மீறுகிறது என்று யாராவது வழக்குப் போட்டால் அவருக்குக் கொடுத்த பேட்டன்ட் அனுமதி முடிந்துவிடும் என்கிறது. 1991-இல் வந்த ஜிபிஎல் 2-இல் இல்லாத நிபந்தனை அது. 2007-இல் ஜிபிஎல் 3 எழுதும்போது இதை ஏற்கும்படி எழுதினார்கள், அதனால் அங்கே தடை நீங்கியது.

இப்போது செய்யக்கூடியவை: நிரலின் பதிப்புரிமை உங்களுடையது மட்டும் என்றால் இன்றைக்கே 'அல்லது பிந்தையது' என்று மாற்றிவிடுங்கள். பிறருடைய நிரல் கலந்திருந்தால் அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். யாரும் அகப்படவில்லையா, லைப்ரரியாக இணைப்பதை விட்டுவிட்டு டெசராக்ட்டைத் தனிக் கட்டளையாக ஓட்டி, அது எழுதும் கோப்பைப் படித்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்குச் சற்று நேரம் கூடும், சிக்கல் தீரும். உங்கள் அலுவலகத்துக்குள் மட்டும் ஓட்டிக்கொள்வதற்கு இது எதுவும் தேவையில்லை. பிரச்சினை வெளியிடும்போதுதான்.

திருவையாறு வாசகர்: ரசீதுகளைப் படிக்கும் எங்கள் சர்வரில் பிடிஎஃப் படிக்கும் பைமியுபிடிஎஃப் லைப்ரரியைப் பயன்படுத்துகிறோம். நிரலை யாருக்கும் கொடுப்பதில்லை. அப்படியும் மூலநிரல் கொடுக்க வேண்டுமா?

பைமியுபிடிஎஃப் ஏஜிபிஎல். அதை உங்கள் நிரலுக்குள் இழுத்து, வாடிக்கையாளர்கள் இணையத்தில் பயன்படுத்தும் சேவையாக ஓட்டினால் 13-ஆம் பிரிவு உங்களுக்கும் பொருந்தும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பிடிஎஃப் கையாளும் கோஸ்ட்ஸ்கிரிப்டும் ஏஜிபிஎல்தான், பைமியுபிடிஎஃப்பைத் தரும் அதே நிறுவனத்தினுடையது. மூலநிரலை வெளியிட விருப்பமில்லை என்றால் அவர்களிடம் வணிக உரிமம் வாங்கலாம். இல்லையேல் பைபிடிஎஃப் (பிஎஸ்டி உரிமம்), பிடிஎஃப்மைனர்.சிக்ஸ் (எம்ஐடி) இவற்றில் ஒன்றுக்கு மாறலாம். ரசீதிலிருந்து எழுத்தை மட்டும் எடுக்க இவையே போதும்.

இதே மாதிரி உரிமக் குழப்பம் இன்னொன்று: பைக்யூட்டி ஜிபிஎல் 3 அல்லது வணிக உரிமம், பைசைடு எல்ஜிபிஎல் 3. இரண்டும் க்யூட்டி என்ற ஒரே திரை வடிவமைப்பு லைப்ரரியைத்தான் பைத்தானுக்குக் கொண்டுவருகின்றன. எழுதத் தொடங்கும் முன் எதை எடுப்பது என்று முடிவு செய்துவிடுங்கள்.

தஞ்சாவூர் வாசகி: நாங்கள் நாலு மாணவிகள் இறுதியாண்டு ப்ராஜெக்டாக நெல் ஈரப்பதம் கணிக்கும் நிரல் எழுதி கிட்ஹப்பில் போட்டோம். உரிமம் எதுவும் குறிப்பிடவில்லை. இப்போது ஒரு குழு தங்கள் ஜிபிஎல் நிரலில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்கிறது. எங்களில் ஒருத்தி சரி என்றால் போதுமா?

போதாது. உரிமம் எழுதாத நிரலை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று பலரும் நினைக்கிறார்கள், நிலைமை நேர்மாறு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி கணினி நிரல் ஓர் இலக்கியப் படைப்பு. எழுதியவுடனேயே எழுதியவருக்கு உரிமை வந்துவிடும், பதிவு செய்ய வேண்டியதில்லை. கிட்ஹப்பில் பொதுவில் போட்டதால் பிறர் அங்கே பார்க்கலாம், ஃபோர்க் (தங்கள் கணக்கில் நகல்) செய்யலாம். அதற்கு மேல் அனுமதி இல்லை.

நாலு பேரும் சேர்ந்து எழுதியது என்றால் நாலு பேரும் சம்மதிக்க வேண்டும். கைடாக இருந்த பேராசிரியர் ஆலோசனை மட்டும் சொன்னாரா, நிரலும் எழுதினாரா என்று பாருங்கள். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாக எழுதியது, 17-ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் வேலை கொடுத்தவருக்குப் போகும். மாணவர் ஊழியர் அல்ல. ஆனாலும் சேர்க்கையின்போது கையெழுத்துப் போட்ட தாளில் கல்லூரிக்கு உரிமை எழுதிக்கொடுத்திருக்கிறீர்களா என்று ஒருமுறை வாசித்துவிடுங்கள். தடை ஒன்றுமில்லை என்றால், நாலு பேரும் தத்தம் கணக்கிலிருந்து 'என் பங்கை எம்ஐடி உரிமத்தில் தருகிறேன்' என்று அந்த ரெப்போவிலேயே பதிவு செய்து, உரிமக் கோப்பைச் சேருங்கள். கேட்ட குழுவின் ஜிபிஎல் நிரலுக்கு அது அப்படியே பொருந்தும்.

இதோடு ஒட்டி, கூலிக்கு ஆள் வைத்து நிரல் எழுதி வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. காசு கொடுத்துவிட்டால் நிரல் நம்முடையது என்று நினைக்க வேண்டாம். ஊழியர் அல்லாதவரிடமிருந்து பதிப்புரிமை மாற எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. உலகெங்கும் போகும் கட்டற்ற மென்பொருளுக்கு அது உதவாது. 'உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்' என்று எழுதி வாங்குங்கள்.

திருவாரூர் வாசகர்: விவசாயிகளுக்கு இலவசம், வியாபாரிகள் எடுத்துக் காசு பார்க்கக் கூடாது. இப்படி ஓர் உரிமம் எழுதலாமா?

எழுதலாம், ஆனால் அது திறந்த மூல உரிமம் ஆகாது. பயன்படுத்தும் துறையை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்பது திறந்த மூல வரையறையின் ஆறாவது விதி. அதைவிடப் பெரிய இடைஞ்சல், அந்த நிரல் எந்த ஜிபிஎல் நிரலோடும் சேராது. நடைமுறையிலும் தகராறுதான். உரக்கடைக்காரர் தன்னிடம் வாங்கும் விவசாயிக்கு இதை இலவசமாகப் போட்டுக் கொடுத்தால் அது வியாபாரமா? வாடகைக்கு அறுவடை இயந்திரம் விடும் விவசாயி யார் கணக்கில் வருவார்?

உங்கள் உழைப்பை எடுத்து மூடி வைத்துக்கொண்டு விற்கிறார்களே என்பதுதான் மனக்குறை என்றால் ஏஜிபிஎல் 3 போடுங்கள். விற்கட்டும், ஆனால் மாற்றங்களைத் திறந்துவைத்துவிட்டு விற்க வேண்டியிருக்கும். மூடித்தான் விற்பேன் என்கிறவருக்குத் தனியாக வணிக உரிமம் கொடுத்துக் கட்டணம் வாங்கலாம். அதற்கு முழு நிரலின் பதிப்புரிமையும் உங்கள் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பங்களித்தவர்கள் எல்லோரும் அதற்கான அனுமதியை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

நாகப்பட்டினம் வாசகர்: கோயில், குளம், வாய்க்கால் எல்லாம் காட்டும் வரைபடச் செயலி செய்கிறோம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் (பலரும் சேர்ந்து வரையும் திறந்த வரைபடம்) தரவு, நாங்களே நடந்து குறித்த குளங்கள், விக்கிப்பீடியாவிலிருந்து குறிப்புகள். செயலி ஜிபிஎல் 3. தரவும் ஜிபிஎல் ஆகிவிடுமா?

ஆகாது. நிரலின் உரிமம் வேறு, தரவின் உரிமம் வேறு. ரெப்போவில் இரண்டையும் தனி அடைவில், தனி உரிமக் கோப்போடு வையுங்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் 2012 செப்டம்பர் முதல் ஓடிபிஎல் என்ற தரவுத்தள உரிமத்தில் இருக்கிறது. அதிலிருந்து வரைந்த படத்தை நீங்கள் விரும்பிய உரிமத்தில் வெளியிடலாம், ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுக்கு நன்றி வரி மட்டும் தெரிய வேண்டும். ஆனால் அவர்களுடைய குளப் பட்டியலில் உங்கள் குளங்களைக் கலந்து, விட்டுப்போனதை நிரப்பி, ஒரே தரவுத்தளமாக ஆக்கி வெளியிட்டால் அந்தத் தரவுத்தளமும் ஓடிபிஎல்லில்தான் இருக்க வேண்டும். உங்கள் பட்டியலை மற்றதோடு கலக்காமல் தனியே வைத்திருந்தால் அதற்கு உங்கள் விருப்பம்.

விக்கிப்பீடியா எழுத்து சிசி பை-எஸ்ஏ 4.0 (பெயரைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிரச் சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்). கட்டுரைப் பெயர், இணைப்பு, உரிமத்தின் பெயர் மூன்றும் திரையில் தெரியும்படி வையுங்கள். அந்தக் குறிப்புகளை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றிவிடாதீர்கள், உரிமங்கள் பொருந்தாது. கூகுள் மேப்பில் பார்த்துக் குளத்தின் இடத்தைக் குறிப்பதும் கூடாது. நடந்து போய்க் குறித்தீர்கள் பாருங்கள், அதுதான் எந்தத் தொல்லையும் இல்லாத தரவு.

மயிலாடுதுறை வாசகர்: ஓஎஃப்எல் (எழுத்துருக்களுக்கான திறந்த உரிமம்) உள்ள தமிழ் எழுத்துருவைச் செயலியில் சேர்த்தால் செயலியும் ஓஎஃப்எல் ஆகுமா?

ஆகாது. எந்த உரிமத்து மென்பொருளோடும் சேர்த்துக் கொடுக்கலாம், விலைக்கும் விற்கலாம். எழுத்துருவை மட்டும் தனியே விற்கக் கூடாது. உரிமக் கோப்பைக் கூடவே வையுங்கள். ஓர் எழுத்தின் வளைவைத் திருத்தினாலும், எழுத்துருவின் பெயரை 'ஒதுக்கிய பெயர்' என்று அந்தக் கோப்பில் அறிவித்திருந்தால் உங்கள் திருத்திய எழுத்துருவுக்கு வேறு பெயர் சூட்ட வேண்டும்.

பட்டுக்கோட்டை வாசகர்: எம்ஐடியில் வெளியிட்டதை ஜிபிஎல் 3-க்கு மாற்றலாமா? பிறகு மனம் மாறினால் திரும்பலாமா?

போகலாம். பழைய எம்ஐடி அறிவிப்பை நீக்காமல், இனி வரும் பதிப்புகளை ஜிபிஎல் 3 என்று வெளியிடுங்கள். முன்பு வெளியான பதிப்பு என்றைக்கும் எம்ஐடிதான், அதைத் திரும்பப் பெற முடியாது. திரும்பி வருவதுதான் கடினம். விஎல்சி பிளேயரின் கதையைப் பாருங்கள். ஜிபிஎல்லும் ஆப்பிள் ஆப் ஸ்டோர் விதிகளும் ஒத்துவராததால் 2011 ஜனவரியில் அது ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டது. பிறகு அதன் மைய லைப்ரரியை எல்ஜிபிஎல்லுக்கு மாற்ற, ஆண்டுக்கணக்கில் நிரல் கொடுத்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிச் சம்மதம் வாங்கினார்கள். 2013-இல்தான் ஐபோனுக்குத் திரும்ப வந்தது. லைப்ரரிக்கும் செயலிக்கும் தனித்தனி உரிமம் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

வேதாரண்யம் வாசகர்: எல்லாம் சரியா என்று ஒரே தட்டில் பார்க்கக் கருவி உண்டா?

பாதிக்கு உண்டு. எல்லாக் கோப்பிலும் உரிம வரி இருக்கிறதா என்று 'ரீயூஸ் லின்ட்' சொல்லும். பைத்தான் ப்ராஜெக்டில் இழுத்த லைப்ரரிகளின் உரிமங்களை 'பிப்-லைசென்சஸ்' பட்டியலிடும். பட்டியலில் 'அல்லது' என்றிருந்தால் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம், 'மற்றும்' என்றிருந்தால் இரண்டுக்கும் கட்டுப்பட வேண்டும்.

வெட்டி ஒட்டிய துண்டுகளை இவை பெரும்பாலும் காட்டாது. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்து எடுத்த இருபது வரிக்கும் உரிமம் உண்டு: 2018 மே 2 முதல் எழுதப்பட்டவை சிசி பை-எஸ்ஏ 4.0, அதற்கு முந்தையவை அதே உரிமத்தின் பழைய பதிப்புகள். 4.0-வில் உள்ளதை ஜிபிஎல் 3 நிரலுக்குள் கொண்டுபோகக் கிரியேட்டிவ் காமன்ஸ் 2015-இல் வழி செய்தது. எம்ஐடி லைப்ரரிக்குள் கொண்டுபோக வழியில்லை. அப்படி ஏதும் லைப்ரரியில் ஒட்டிக்கிடந்தால், அந்தப் பதிலை மூடிவைத்துவிட்டு, அது என்ன செய்கிறது என்பதை மட்டும் மனதில் வைத்து நீங்களே புதிதாக எழுதிவிடுங்கள்.